கொள்முதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: மலிவு பார்த்துப் பெப்டைடு வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். போன ஆண்டு எங்கள் ஆய்வகம் அனுப்பிய பெப்டைடு (அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலி) கோப்பு உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று கொட்டேஷன் வந்தது, எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர், யாரோ அவருக்கே ஆர்டர் போனது. அந்தக் கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. பொட்டலம் வந்த பிறகு ஆய்வகத்தில் நடந்தது கோப்பில் ஏறியிருக்காது. அதற்காகத்தான் இந்த மடல்.

நாங்கள் வளர்ப்பது கேண்டிடா பூஞ்சை. கதீட்டர் குழாயிலும் பல்செட்டிலும் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பசைபோல ஒரு படலம் கட்டிக்கொள்ளும். அதற்குள் குடியேறிவிட்டால் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து அநேகமாகத் தோற்றுப்போகும். மருந்தில் ஒரு பங்கைப் படலமே பிடித்துவைத்துக்கொள்கிறது. பல நேரம் நோயாளியின் குழாயையே எடுத்துவிட வேண்டியிருக்கிறது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் கேண்டிடா ஆல்பிகன்ஸ், கேண்டிடா ஆரிஸ் இரண்டுமே முதல் வரிசையில் இருக்கின்றன.

நம் எச்சிலிலேயே இதைக் கொல்லும் பெப்டைடு ஒன்று இருக்கிறது: ஹிஸ்டாட்டின் 5. வெறும் 24 அமினோ அமிலங்கள். (அதையும் இந்தப் பூஞ்சை தன் என்சைமால் வெட்டிப் போடும், கெட்டிக்காரப் பிறவி.) அப்படி எளிதில் வெட்டுப்படாதபடி மாற்றிய வடிவம் படலத்தை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. கூடவே ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ட்ரோலாக இன்னொரு பெப்டைடு. அது பூஞ்சையை ஒன்றும் செய்யாது என்று பழைய லாட்டில், அதாவது முன்பு வந்த சரக்கில், சோதித்து வைத்திருந்தோம்.

புதுப் பொட்டலம் வந்தது. பிளேட் (சிறு குழிகள் கொண்ட சோதனைத் தட்டு) போட்டேன். உயிருள்ள செல் இருந்தால் எக்ஸ்டிடி சாயம் ஆரஞ்சு நிறமாக வேண்டும். பெப்டைடு ஊற்றிய குழிகள் வெளிறிக் கிடந்தன, ஒரே சந்தோஷம். பக்கத்தில் கண்ட்ரோல் குழிகளைப் பார்த்தேன். அவையும் வெளிறித்தான் கிடந்தன.

என் கைப்பிழை என்றுதான் நினைத்தேன். மறுபடி போட்டேன். பொங்கல் விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போயிருக்க, உசிலம்பட்டியிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து போட்டேன். அம்மா கட்டிக்கொடுத்த பொங்கலை இன்குபேட்டர் அறை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நான்கு மாதம், 61 பிளேட். கடைசியில் என் ஃபெலோஷிப் பணத்தைக் கட்டி வெளியில் மாஸ் ஸ்பெக் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் சோதனை) எடுத்துப் பார்த்தால், குப்பியில் பாதிக்கு மேல் முழு நீளம் வராத துண்டுகள். தயாரிப்பில் பயன்படுத்தும் டிரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலமும் சரியாக நீக்கப்படவில்லை. நான்கு மாதமாகப் பூஞ்சையைக் கொன்றது பெப்டைடா, அந்த அழுக்கா என்று என்னால் சொல்ல முடியாது. அத்தனை பிளேட்டும் குப்பை.

பெப்டைடு, கண்ணி கண்ணியாகக் கோத்துச் செய்வது. ஒவ்வொரு கண்ணியும் 99 சதவீதம் சரியாக ஒட்டினால்கூட, 23 முறை ஒட்டி முடிக்கும்போது முழு நீளத்தில் தேறுவது 79 சதவீதம்தான். மிச்சத்தைக் கழித்துச் சுத்தம் செய்வதற்குத்தான் பணம். விலை பாதி என்றால் அந்த வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். தயவுசெய்து தூய்மையைப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் யாரும் எல்-1 பார்த்து மல்லிகை வாங்குவதில்லை, மொட்டைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். கூட்ட அறைக்கு வாங்கிய சுழல் நாற்காலிகளில்கூட உறுப்பினர்கள் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் ஆர்டர் போனதாகக் கேள்வி. முதுகுவலி எல்லோருக்கும் பொதுவானது, பூஞ்சை அப்படியில்லை போலிருக்கிறது. சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

நான் விதியை மீறச் சொல்லவில்லை. இரு உறை முறை அரசு டெண்டர்களில் பழகிய வழிதான்: முதல் உறையில் தரம், அதில் தேறியவர்களுக்கு மட்டும் இரண்டாவது உறையில் விலை. 95 சதவீதத்துக்கு மேல் தூய்மை, ஒவ்வொரு லாட்டுக்கும் எச்பிஎல்சி (தூய்மையை அளக்கும் சோதனை), மாஸ் ஸ்பெக் அறிக்கை, மேலே சொன்ன அமிலத்தின் உப்பை நீக்கிய வடிவம், இந்த மூன்றையும் முதல் உறையின் நிபந்தனையாகப் போடுங்கள். அப்புறம் யார் மலிவோ அவரிடமே வாங்குங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

எங்கள் அடுத்த இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) வரும் வியாழக்கிழமை கூட்டத்தில் வருகிறது. என் ஃபெலோஷிப் முடிய இன்னும் 14 மாதம். இன்னொரு முறை மலிவுச் சரக்கு வந்தால் அதைச் சோதிக்க என்னிடம் பணமும் இல்லை, நாளும் இல்லை. தூய்மையைப் பார்த்து வாங்குங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மிச்சமிருக்கும் குப்பி ஃப்ரீசரில்தான் இருக்கிறது. அனுமதித்தால் அதையும் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு கூட்ட அறை வாசலில் காத்திருக்கிறேன். ஐந்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
நான்காம் ஆண்டு ஆய்வு மாணவி
மதுரை