மாணா கிராமத்துக்கு வருவோர் ஒரு நாள் தங்கிப் பார்க்கவும், அதன் பலன் ஊர்மக்களைச் சேரவும் ஏற்பாடு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
பத்ரிநாத் யாத்திரை சென்று வந்த பக்தர்கள்,
கும்பகோணம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்,
தமிழ்நாடு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சமோலி மாவட்டம், கோபேஸ்வர்,
உத்தராகண்ட்.

பொருள்: பத்ரிநாத்தை அடுத்த மாணா எல்லைக் கிராமத்தில் வழிகாட்டிப் பலகைகள், மருத்துவ உதவி, வசுதாரா அருவிப் பாதைப் பாதுகாப்பு, கைத்தறிக் கம்பளி விற்பனை இடம், ஊரார் நடத்தும் தங்குமிடங்கள் ஆகியவை வேண்டி.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்ரிநாத் எங்களுக்குத் திருவதரியாச்சிராமம். நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று. கிழப்பருவம் வந்து கோல் ஊன்றும் முன்பே வதரிக்குப் போய் வணங்கிவிடுங்கள் என்று திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். ஆனால் குடும்பப் பொறுப்பும் வேலையும் முடிந்து, ஓய்வு பெற்ற பிறகுதான் எங்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பயணம் வாய்க்கிறது. ஆகவே இந்த மனுவில் வயதானவர்களின் தேவைகளே அதிகம் இருக்கும். அதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

பத்ரிநாத்திலிருந்து மாணா சில கிலோமீட்டர்தான். சுற்றுலா வேன்காரர்கள் தரிசனம் முடிந்த கையோடு அங்கே அழைத்துப் போகிறார்கள். அரை மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். 'இந்தியாவின் முதல் கிராமம்' என்ற பலகை முன்னால் ஒரு படம், ஒரு கோப்பைத் தேநீர், வியாசர் குகை வாசலில் ஒரு கும்பிடு, அப்புறம் ஹாரன் சத்தம். சுமார் 3,200 மீட்டர் உயரத்தில், திபெத் எல்லையை ஒட்டி, பனிக்காலம் வந்தால் மொத்தமாக வீடுகளைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போகிற ஒரு ஊர் அது. வருடத்தில் ஏறக்குறைய ஆறு மாதம்தான் அவர்களுக்குச் சம்பாதிக்கும் காலம். அந்த ஆறு மாதத்தில் வந்து குவிகிற கூட்டத்திடமிருந்து அந்த ஊருக்குக் கிடைப்பது ஒரு தேநீரின் விலைதான் என்றால், அது எங்கள் மனதுக்கு ஒப்பவில்லை.

பார்ப்பதற்கு அங்கே என்ன குறை? சரஸ்வதி நதி பாறைகளுக்கு நடுவிலிருந்து இரைந்துகொண்டு வெளியே பாய்கிறது. அதன்மேல் குறுக்கே கிடக்கும் பெரும்பாறைதான் பீமன் பாலம். பாண்டவர்கள் சொர்க்கம் நோக்கி நடந்தபோது, திரௌபதி ஆற்றைக் கடப்பதற்காகப் பீமன் தூக்கிப் போட்ட பாறை என்பது நம்பிக்கை. எங்கள் பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் தீமிதிக்கு முன் பாரதம் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பாறையின்மேல் நிற்கும்போது எங்களில் பலருக்குக் கண் கலங்கிவிட்டது. வியாசர் சொல்லச் சொல்ல விநாயகர் பாரதம் எழுதியதாக நம்பப்படும் இரண்டு குகைகளும் அருகிலேயே இருக்கின்றன. ஊரின் காவல் தெய்வமான கண்டாகர்ணனுக்கு அங்கே கோயில் உண்டு. அலக்நந்தாவின் மறுகரையில் பத்ரிநாராயணனின் தாயான மாதா மூர்த்திக்குக் கோயில் உண்டு. இவற்றையெல்லாம் அரை மணி நேரத்தில் பார்த்துவிட முடியாது.

கோயில்களைப் பற்றியாவது வேன்காரர் நாலு வார்த்தை சொல்கிறார். ஊர்மக்களைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மாணாவில் வாழும் போட்டியா மக்கள், அதிலும் மார்ச்சா பிரிவினர், தலைமுறை தலைமுறையாக மாணா கணவாய் வழியே திபெத்துடன் வணிகம் செய்தவர்கள். உப்பும் கம்பளி மயிரும் அந்தப் பக்கமிருந்து வந்தன, தானியம் இந்தப் பக்கமிருந்து போனது. ஐயாயிரத்து அறுநூறு மீட்டருக்கும் மேலான உயரம் அந்தக் கணவாய். 1624-ல் போர்த்துகீசியப் பாதிரியார் அந்தோனியோ தி அந்திராதே திபெத்துக்குள் போனதும் இதே வழியில்தான். 1962 போரோடு அந்த வாசல் அடைபட்டது. ஒரு ஊரின் பிழைப்பே அதோடு முறிந்து, கம்பளி நெசவும் கொஞ்சம் விவசாயமும் யாத்திரிகர்களும்தான் மிச்சம் என்றானது. இந்த வரலாற்றைச் சொல்ல ஊருக்குள் ஒரு பழைய வீட்டை எடுத்து, அந்த மக்களின் வணிகச் சாமான்கள், தறி, உடை, பழைய படங்கள் ஆகியவற்றை வைத்து ஒரு சிறு காட்சிக்கூடம் அமைக்க வேண்டுகிறோம். அதை நடத்தும் பொறுப்பும் நுழைவுக் கட்டண வருமானமும் ஊராரிடமே இருக்க வேண்டும்.

அடுத்தது நெசவு. இதைத்தான் நாங்கள் மிக முக்கியமாகக் கருதுகிறோம். பத்ரிநாத் கோயில் நடை சாத்தும் நாளில் பெருமாளுக்கு நெய்யில் தோய்த்துப் போர்த்துகிற கம்பளி, மாணா பெண்கள் கையால் நெய்தது. பனிக்காலம் முழுவதும் அதுதான் சுவாமிக்குப் போர்வை. நடை திறந்ததும் அதுவே பக்தர்களுக்குப் பிரசாதமாகிறது. ஒரு திவ்ய தேசத்துப் பெருமாளுக்கு ஒரு எல்லைக் கிராமத்துப் பெண்கள் ஆற்றும் இந்தச் சேவையை எங்களில் பலர் ஊர் திரும்பிய பிறகுதான் கேள்விப்பட்டோம். முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கைகளிலிருந்தே ஒரு சால்வையாவது வாங்கி வந்திருப்போம். கடைகளில் இயந்திரத்தில் செய்த சால்வையும் தொப்பியும் கைத்தறியோடு கலந்தே கிடந்தன. எது எது என்று எங்களுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. உத்தராகண்டின் 'போட்டியா தன்' என்னும் கம்பளத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரின் பயன் தறியில் உட்காருகிறவருக்குக் கிடைக்க வேண்டும். ஊர் நுழைவிலேயே பெண்கள் தறி போட்டு நெய்வதைப் பார்த்து, அவர்களிடமே வாங்கும்படி ஒரு பொது இடமும், கையால் நெய்தவற்றுக்கு ஒரு முத்திரைச் சீட்டும் ஏற்பாடு செய்தால் போதும். நாங்கள் பேரம் பேசாமல் வாங்குவோம்.

2025 மே மாதம், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அலக்நந்தாவும் சரஸ்வதியும் கூடும் கேசவப் பிரயாகையில் புஷ்கர கும்பம் நடந்தது. தென்னாட்டு வைணவர்கள் திரளாக வந்தார்கள். இராமாநுஜரும் மத்வரும் அங்கே சரஸ்வதியிடம் ஞானம் பெற்றதாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த விழாவை ஒட்டி நடைபாதையைச் சீர்செய்து, பல மொழிகளில் வழிகாட்டிப் பலகைகள் வைத்ததற்கு மாவட்ட நிர்வாகத்துக்கு எங்கள் நன்றி. அந்த ஏற்பாடு ஊர் முழுவதற்கும் நிரந்தரமாக வேண்டும். இந்தியோடு தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், வங்காளம் ஆகிய மொழிகளிலும் பலகை இருக்கட்டும். அதில் தலபுராணத்தோடு தூரம் எவ்வளவு, ஏற்றம் எப்படி, போய் வர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் எழுத வேண்டும். வயதானவர்கள் அதைப் படித்துத் தங்களால் முடியுமா என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள்.

வசுதாரா அருவிக்கு மாணாவிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். திரும்பி வரவும் அவ்வளவு தூரம். சமவெளியில் தினமும் நடைப்பயிற்சி செய்கிறவர்களுக்கு அது பெரிய தூரமாகத் தோன்றுவதில்லை. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பது பாதி வழியில்தான் உறைக்கிறது. மதியத்துக்கு மேல் வானிலையும் சட்டென்று மாறிவிடுகிறது. பாதை தொடங்கும் இடத்தில் பெயர் பதிவு செய்ய ஒரு ஆள், இன்ன நேரத்துக்குமேல் மேலே போகக் கூடாது என்ற கட்டுப்பாடு, இடையில் மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, ஊருக்குள் யாத்திரைக் காலம் முழுவதும் ஆக்சிஜனோடு ஒரு சுகாதாரப் பணியாளர் ஆகியவை அவசியம். 2025 பிப்ரவரி 28 அன்று மாணா அருகே எல்லைச் சாலைப் பணியாளர்கள் முகாம்மீது பனிச்சரிவு விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். நாங்கள் சொகுசாகப் போய்வரும் சாலையைப் பனியில் நின்று காத்துத் தருகிறவர்கள் அவர்கள். அந்த எட்டுப் பேர் நினைவாகச் சாலையோரம் ஒரு கல் நடுவதையும் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

ஊருக்குள் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறைகள் போதுமான அளவில் வேண்டும். பீமன் பாலம் அருகே பிளாஸ்டிக் பாட்டில்கள் ஆற்றோரம் கிடப்பதைப் பார்த்தோம். அவற்றைப் போட்டவர்கள் எங்களைப் போன்ற யாத்திரிகர்களே. பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பித் தரும் முறையை மாணாவில் கட்டாயமாக்கலாம். முதுகில் கூடை கட்டி முதியவர்களைச் சுமந்து செல்லும் தொழிலாளர்களுக்கு நியாயமான கூலியை நிர்ணயித்து, அதைப் பலகையில் எழுதி வைத்தால் இரு தரப்புக்கும் வாக்குவாதம் மிச்சம்.

கடைசியாகத் தங்குமிடம். 2023 பிப்ரவரியில் மத்திய அரசு எல்லைக் கிராமங்களுக்கென்று ரூ.4,800 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அத்தகைய நிதியில் பெரிய விடுதிகள் எழும்பாமல், ஊரார் தங்கள் கல்வீடுகளில் ஒன்றிரண்டு அறைகளைச் சீர்செய்து யாத்திரிகர்களைத் தங்க வைக்க உதவி கிடைத்தால், ஒரு இரவாவது நாங்கள் அங்கே தங்குவோம். அவர்கள் சமைப்பதைச் சாப்பிடுவோம். மேலே கேட்ட எதையும் மாணா கிராமசபையைக் கூட்டி, முக்கியமாகப் பெண்களின் கருத்தைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும். அவர்களுக்கு வேண்டாம் என்று தோன்றுவதை எங்கள் வசதிக்காகச் செய்ய வேண்டாம்.

அடுத்த யாத்திரைக் காலத்துக்கு நடை திறக்குமுன் வழிகாட்டிப் பலகை, சுகாதாரப் பணியாளர், வசுதாரா பாதைப் பதிவு ஆகிய மூன்றையாவது நிறைவேற்றித் தரவும், மற்றவை குறித்துத் தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கவும் பணிவுடன் வேண்டுகிறோம். தமிழ்ப் பலகைகளுக்கான வாசகங்களை எழுதி, பிழைதிருத்தித் தரும் வேலையை நாங்கள் கட்டணமின்றிச் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டுள்ள யாத்திரிகர்கள்

இடம்: கும்பகோணம்

இணைப்பு: இம்மனுவின் இந்தி மொழிபெயர்ப்பு, கையொப்பப் பட்டியல்