பழனிப் பாதையில் படுக்க இடமும் நடக்க வழியும் தந்தவர்களுக்கு

காங்கயம், தாராபுரம் வட்டாரத்துப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

இந்தத் தைப்பூசத்துக்கு ஈரோட்டிலிருந்து அறச்சலூர், காங்கயம், தாராபுரம் வழியாக 100 கிலோமீட்டருக்கும் மேல் வெறுங்காலில் நடந்து பழனி சென்ற நாங்கள் 14 பேரும் நலமாக ஊர் திரும்பிவிட்டோம். கால்புண் ஆறி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து இந்த மடலை எழுத இத்தனை நாளாகிவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

இரண்டாம் நாள் இரவு தங்குவதற்காக முன்கூட்டியே பேசி வைத்திருந்த மண்டபம் பூட்டிக் கிடந்தது. மணி 9 ஆகியிருந்தது; எங்கள் பெரியம்மாவால் அதற்கு மேல் ஓரடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. அந்த நேரத்தில், சாலையோரக் களத்தில் தேங்காய்ப் பருப்பைக் குவித்துப் பனிக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்த களத்துக்காரரும் அவர் வீட்டாரும், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்பே கொட்டகையிலிருந்த மூட்டைகளை ஒருபுறம் ஒதுக்கிச் சாக்கு விரித்துக் கொடுத்தார்கள். பகலெல்லாம் வெயில் காய்ந்த களத்துச் சிமெண்டுத் தரையில் இன்னும் சூடு இருந்தது. அதில் பாதத்தைப் பதித்து உட்கார்ந்ததே எங்களுக்குப் பாதி மருந்தாயிற்று. அந்த வீட்டு அம்மா உப்புப் போட்ட வெந்நீர் கொண்டுவந்தார். கொப்புளத்தை உடைக்கவே கூடாது என்று கண்டித்துவிட்டு, பெரியம்மாவின் காலுக்குத் தம் கையாலேயே விளக்கெண்ணெய் தடவிவிட்டார். புறப்படும்போது நீட்டிய பணத்தை அவர் தொடவில்லை. "மலையில எங்களுக்காக ஒரு சூடம் பத்த வெய்யுங்க, போதும்" என்றார்.

மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு, நிலாவும் சாய்ந்துவிட்ட இருட்டில், ஊதியூர் போகும் வழியில் சாலை வேலை நடந்த இடத்தில் சிக்கிக்கொண்டோம். தாரைப் பெயர்த்துக் கூர் மழுங்காத ஜல்லியைப் பரப்பியிருந்தார்கள். பலகையும் இல்லை, விளக்கும் இல்லை. பால் கேனோடு மொபெட்டில் வந்த அண்ணன் ஒருவர் நிறுத்தி, "ஏனுங் சாமி, இதுல நடந்தா உள்ளங்கால் என்னத்துக்கு ஆகும்? இட்டேரியில வாங்க" என்று எங்களை அழைத்துக்கொண்டார். இட்டேரி என்றால் வேலிகளுக்கு நடுவே போகும் குறுகிய மண்பாதை. இருபுறமும் கிளுவை வேலி, அதற்கப்பால் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் அசையும் மணிச்சத்தம். ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் குச்சியுமாக, கீழே கிடந்த வெள்வேல முள்ளைத் தள்ளித் தள்ளி, நல்ல சாலை வரும்வரை அவர் முன்னே நடந்தார். நேரம் தவறினால் சொசைட்டியில் பால் எடுக்கமாட்டார்கள் என்பது மாடு வளர்க்கும் எங்களுக்கும் தெரியும். அன்று அவர் பால் என்னவாயிற்றோ என்ற கவலை இன்றும் எங்களை விடவில்லை.

தாராபுரத்தில் அமராவதியில் இறங்கப் பத்திரமான படித்துறை காட்டியவர்களுக்கும், அலங்கியம் பக்கம் மோர் கொடுத்த பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.

சண்முகநதியில் குளித்து மலையேறி, களத்து வீட்டாருக்காகச் சூடம் ஏற்றினோம். பால்கார அண்ணன் கொடுத்த டார்ச் எங்களிடமே தங்கிவிட்டது. புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அதே இட்டேரி முனையில் பஞ்சாமிர்தத்தோடு காத்திருப்போம்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து நடந்து வந்த 14 பேர்