வைக்கட்டுமா?

அன்புள்ள வங்கிக் கிளை மேலாளர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் தொழில்தான். 31 வருடம் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தேன், கடைசி ஆறு வருடம் ஹெட் கேஷியர். ஓய்வு பெற்று வெளிப்பக்கம் வந்து நின்ற பிறகுதான், உள்ளே இருப்பவர் முனகுவது கண்ணாடிக்கு வெளியே ஒரு வார்த்தைகூடக் கேட்காது என்பது எனக்கே தெரிந்தது. அந்தக் குறுகுறுப்பிலும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் நிதிக் கல்வி வாரம் வந்தால் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போடுகிறீர்கள். பேனர், புரொஜெக்டர், மிக்சர், டீ, கடைசியில் எல்லோரும் நின்று ஒரு போட்டோ. இந்த முறை நானும் வந்திருந்தேன். பேசிய பையன் நல்ல பையன்தான். "ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று ஏழெட்டு தடவை சொன்னார். கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, சிலிண்டர் போட வர்ற பையன் போன்ல வந்த நம்பரைக் கேக்குறானே, சொன்னாத்தான் இறக்கவே செய்யுறான். அப்ப அவனும் திருடனா?"

இதற்கு உங்கள் புரொஜெக்டரில் பதில் இல்லை. சிலிண்டருக்கு வரும் நம்பரை வாசலில் நிற்பவரிடம் சொல்லத்தான் வேண்டும். வங்கிக் கணக்குக்கு வரும் நம்பரைச் சொல்லக் கூடாது. அந்த மெசேஜைத் திறந்து, இது எதற்கு வந்த நம்பர் என்று படிக்கத் தெரிந்தால்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். மெசேஜோ ஆங்கிலத்தில் வருகிறது, எழுத்து கடுகு சைசில் இருக்கிறது. போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பதற்கே ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். 200 பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் அது நடக்கிற காரியமில்லை.

என் தெருவில் ஒரு டீச்சர் இருக்கிறார். பெயர் வேண்டாம். 72 வயது, கணவர் இல்லை, மகன் வெளிநாட்டில். கணக்கு டீச்சர். கீரைக்காரியிடம் எட்டணா விட்டுவிட மாட்டார். போன வருடம் ஒரு நாள் காலையில் அவருக்குப் போன் வந்தது. அவர் ஆதாரை வைத்து மும்பையில் யாரோ சிம் வாங்கியிருக்கிறார்களாம், அதை வைத்துக் கறுப்புப் பணம் கைமாறியிருக்கிறதாம். அப்புறம் வாட்ஸ்அப் வீடியோவில் ஒரு காக்கிச் சட்டை. பின்னால் கொடி, மேசை மேல் முத்திரை போட்ட வாரண்ட். காக்கியைப் பார்த்ததும் டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நின்னுகிட்டேதான்டி பேசினேன், ஒண்ணரை மணி நேரம்" என்றார் என்னிடம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவன் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. "மாத்திரை போட்டீங்களாம்மா, போட்டுட்டு வாங்க" என்றிருக்கிறான். புரியவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து சொல்லியிருக்கிறான். மகனிடம் சொன்னால் மகன் வேலைக்கே ஆபத்து என்பதையும் அதே பதமான குரலில்தான் சொன்னானாம். இரண்டு நாள் கேமராவை அணைக்க விடவில்லை. மூன்றாம் நாள், ரிசர்வ் வங்கி சரிபார்க்கும் கணக்கு என்று ஒன்றைக் கொடுத்து, பணத்தை அதில் போட்டால் 48 மணி நேரத்தில் திரும்பிவிடும் என்றான்.

டீச்சர் கிளைக்கு வந்து இரண்டு எஃப்.டி.யை முதிர்வுக்கு முன்பே உடைத்து, 11 லட்சத்தை இன்னொரு கணக்குக்கு உடனே அனுப்ப ஆர்.டி.ஜி.எஸ். படிவம் எழுதிக் கொடுத்தார். கைப்பைக்குள் போன் இணைப்பிலேயே இருந்தது, அவன் கேட்டுக்கொண்டிருந்தான். எந்தக் கிளை என்று சொல்லப் போவதில்லை. கவுண்டரில் டீச்சரிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "பான் கார்டு ஜெராக்ஸ் வெச்சிருக்கீங்களா?"

அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணை நான் குறை சொல்லவில்லை. மாசம் முதல் வாரம், பின்னால் முப்பது பேர் நிற்கும்போது நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த மூன்று நாளில் டீச்சர் நேருக்கு நேர் பார்த்த ஒரே மனிதர் அந்தக் கவுண்டர்காரர்தான். 14 வருடமாக அதே கிளையில் எஃப்.டி.யைப் புதுப்பித்துக்கொண்டே வந்தவர், வட்டியைக்கூடத் தொடாதவர், ஒரே நாளில் இரண்டையும் உடைத்துக் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்புகிறார். உங்கள் கம்ப்யூட்டரில் அத்தனையும் தெரியும். "டீச்சர், என்ன விசேஷம், வீடு வாங்குறீங்களா?" என்று யாராவது கேட்டிருந்தால் அழுதிருப்பார் என்று அவரே சொல்கிறார். கவுண்டர்காரர் கேட்ட ஒரு கேள்வியால் பணம் தப்பிய செய்திகளை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

இப்படி வீடியோவிலேயே கைது என்று மிரட்டி உட்கார வைப்பதற்குப் பெயர் டிஜிட்டல் அரெஸ்ட். அப்படி நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். அப்புறம் யாருக்குப் போன் போட்டாலும் சைபர் மோசடி எச்சரிக்கைதான் காலர் ட்யூனாக ஓடியது. டீச்சரும் அதை நூறு தடவை கேட்டிருப்பார். அரியானாவில் அம்பாலாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதிக்கு உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவு காட்டி ஒரு கோடிக்கு மேல் பறித்தார்கள். அவர்கள் எழுதிய கடிதத்தை வைத்து 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, டிசம்பரில் விசாரணையை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. விஷயம் எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கிறது. பயந்து எழுந்து நிற்கும் நேரத்தில் அது வாய்க்கும் கைக்கும் வருவதில்லை.

அதனால் சனிக்கிழமை காலையில் எங்கள் ஊர் நூலக வராந்தாவில் நாங்கள் வேறு மாதிரி செய்து பார்க்கிறோம். பன்னிரண்டு பேர் வருவார்கள், சில வாரம் ஏழு பேர். முதல் பாடம், போனை வைப்பது. சிரிக்காதீர்கள். நம் ஆட்கள் "வைக்கட்டுமா?" என்று கேட்காமல் போனை வைக்க மாட்டார்கள். எதிர்முனையில் "சரி, வைங்க" என்று சொன்னால்தான் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போகும். தப்பான நம்பரில் வந்தவரிடமே ஊர் எது என்று விசாரிக்கிற தலைமுறை. மோசடிக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். அவன் "வைங்க" என்று சொல்லவே மாட்டான்.

நான் உள்ளே போய்ப் புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்று, சி.பி.ஐ. அதிகாரியாக ஒவ்வொருவரையும் கூப்பிடுவேன். ஒரு வார்த்தை பேசாமல் அவர்கள் வைக்க வேண்டும். முதல் வாரம் ஒருவராலும் முடியவில்லை. நான்தான் பேசுகிறேன் என்று தெரிந்தும் முடியவில்லை! மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த ஒரு பெரியவர், "சார், ஒரு நிமிஷம், மாடு அவுத்துக்கிச்சு, அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்தார். அவருக்கு மாடே கிடையாது. எல்லோரும் கை தட்டினோம். பொய் சொல்லியாவது வைத்தால் போதும். ஐந்தாவது வாரம் வகுப்பு நேரம் மாறியதைச் சொல்ல ஒரு பாட்டியை நிஜமாகவே கூப்பிட்டேன். "ஹலோ" என்றதும் பட்டென்று வைத்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இரண்டாவது பாடம் பாஸ்புக். இதில் இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். எது வரவு, எது பற்று, வருடத்துக்கு ஒரு தடவை போகும் 20 ரூபாய் என்ன (விபத்துக் காப்பீடு, பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது), எஸ்.எம்.எஸ்.ஸுக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள், வாரிசு நியமனம் அச்சாகியிருக்கிறதா. ஒரு தாத்தாவின் பாஸ்புக்கில் 2009-இல் இறந்துபோன அவர் அம்மாதான் இன்னமும் நாமினி.

மற்றபடி பணத்தை எப்படிக் கையாள்வது என்று இவர்களுக்குப் பாடம் நடத்துவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. சிறுவாடு சேர்த்த பெண்கள் இவர்கள். கடுகு டப்பாவில் கொஞ்சம், அரிசிப் பானைக்கு அடியில் கொஞ்சம், இடுப்புச் சுருக்குப் பையில் அன்றாடச் செலவுக்கு மட்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்ததே இல்லை. இன்று அவர்கள் கணக்கைத் திறந்து பார்த்தால் பென்ஷன், சேமிப்பு, எஃப்.டி., ஏ.டி.எம். கார்டு, மகன் போனில் ஏற்றிக் கொடுத்த யு.பி.ஐ. எல்லாம் ஒரே எண்ணில். சுருக்குப் பை தொலைந்தால் அரிசிப் பானையும் போகும். சின்னதாக இன்னொரு கணக்கு, அதில் மாதம் ஐயாயிரம், யு.பி.ஐ. அதற்கு மட்டும். இதைச் சொன்னதும் எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் இரண்டாவது கணக்கு திறக்கப் போனபோது, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப் பாட்டி இன்னொண்ணு?" என்று கேட்டு அனுப்பினார்கள்.

அதிக வட்டி ஆசைக்கும் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறோம். 60 வயது தாண்டியவர்களுக்கான அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அரசாங்கமே வருடத்துக்கு இவ்வளவுதான் கொடுக்க முடிகிறது என்றால், மாதம் 3 சதவீதம் தருகிறேன் என்பவன் அதை எங்கிருந்து எடுத்துத் தருவான் என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறோம். நிதி நிறுவனங்களில் ஊர் ஊராக ஏமாந்து, 1997-இல் முதலீட்டாளர்களைக் காக்கத் தனிச் சட்டமே போட வேண்டிவந்த மாநிலம் நம்முடையது.

இனி உங்களுக்குக் கசப்பான சமாச்சாரம். எங்கள் வகுப்புக்கு வருபவர்களில் மூன்று பேர் பணத்தை விட்டது வங்கிக்கு உள்ளே. எஃப்.டி. போட வந்தவரை ஏ.சி. அறையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "இதுல வட்டி ஜாஸ்திங்கய்யா" என்று இன்சூரன்ஸ் பாலிசியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அடுத்த வருடம் இன்னொரு லட்சம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம் என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. உங்கள் மேல் இருக்கும் டார்கெட் எனக்கும் தெரியும், நானும் அந்த மீட்டிங்குகளில் தலை குனிந்து உட்கார்ந்தவள். இருந்தாலும், கிளையில் ஒரு கிழவருக்கு நாற்காலியும் பொறுமையான பேச்சும் கிடைப்பது விற்பனைக்கு மட்டும்தான் என்றால், மண்டபக் கூட்டத்தில் நீங்கள் சொல்வதை யார் நம்புவார்?

இன்னொன்று. வங்கியிலிருந்து வரும் அழைப்பு என்று தெரிவதற்காக 1600 என்று தொடங்கும் எண் வரிசையை ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம். மறுவாரமே ஒரு கிளையிலிருந்து ஊழியர் தன் சொந்த செல்போனில் கூப்பிட்டு, "கே.ஒய்.சி. முடியப் போகுது, ஆதார் நம்பர் சொல்லுங்க" என்கிறார். நிஜ ஊழியர்தான். எங்கள் ஆள் வைத்துவிட்டார். அடுத்த நாள் கிளையில் அவருக்குத் திட்டு விழுந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மூத்த குடிமக்களுக்குத் தனிக் கவுண்டர், 70 தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. அந்தக் கவுண்டருக்கு முன்னால் ஒரு நாற்காலி போடுங்கள். வயதானவர் எஃப்.டி.யை உடைக்க வந்தால் அவரை உள்ளே கூப்பிட்டு, போனை மேசை மேல் வைக்கச் சொல்லி, அது இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். யார் அனுப்பச் சொன்னது என்று கேளுங்கள். அவருக்குக் கோபம் வரலாம், என் பணம், நீ யார் கேட்க என்பார். வரட்டும்.

ஏமாந்த பிறகு ஓடி வருபவரிடம் மட்டும் "படிச்சவங்க நீங்களே இப்படியா" என்று கேட்காதீர்கள். டீச்சர் விஷயம் புரிந்த பிறகும் ஆறு நாள் வாயைத் திறக்கவில்லை, வெட்கம். அதற்குள் பணம் எத்தனை கணக்குகள் மாறியதோ. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் போன் போனால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு இருக்கிறது. ஓ.டி.பி.யை நாமே சொல்லிவிட்டிருந்தாலும், வங்கிக்குத் தகவல் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று 2017-ஆம் வருட விதி இருக்கிறது. இந்த இரண்டையும் பெரிய எழுத்தில், தமிழில், பாஸ்புக் அச்சடிக்கும் மெஷினுக்கு மேல் ஒட்டுங்கள். அங்கேதான் எல்லோரும் வேறு வேலையில்லாமல் நிற்கிறார்கள்.

கடைசியாக ஒரு உதவி. சி.பி.ஐ. அதிகாரியாக என் குரல் எல்லோருக்கும் பழகிவிட்டது, யாரும் பயப்படுவதில்லை. உங்கள் கிளைகளில் வடக்கிலிருந்து வந்த இளம் அதிகாரிகள் இருக்கிறார்களே, நல்ல கனத்த குரலில் இந்தியும் இங்கிலீஷும் பேசுபவர் ஒருவரை சனிக்கிழமை பத்து மணிக்கு அனுப்பி வையுங்கள். ஒரு மணி நேரம் எங்களை மிரட்டிவிட்டுப் போகட்டும். டீயும் வடையும் எங்கள் செலவு. டீச்சரும் இப்போது வகுப்புக்கு வருகிறார். அவர் இன்னும் ஒரு தடவைகூடப் போனை வைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹெட் கேஷியர் ஒருத்தி