ஆல்-ஸ்டார் தேர்வு: பழி ரசிகர்கள்மேல், கோளாறு பிட்சர் பட்டியலில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில், அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு லீகுகளின் நட்சத்திரங்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கான பட்டியல் வெளிவந்ததுமே ரசிகர் வாக்கைத் திட்டுவது வாடிக்கையாகிவிட்டது. ரசிகர்கள் தேர்ந்தெடுப்பது லீகுக்கு 9 தொடக்க ஆட்டக்காரர்களை மட்டுமே. பிட்சர்களுக்கு, அதாவது பந்து வீசுபவர்களுக்கு, அவர்கள் வாக்களிப்பதே இல்லை. 32 பேரில் மிச்சமுள்ள 23 பேரை வீரர்களின் வாக்கும், மேஜர் லீகின் தலைமை அதிகாரியான கமிஷனரின் அலுவலகமும் முடிவுசெய்கின்றன. உண்மையான கோளாறு அங்கேதான்.

ரசிகர்கள் கூத்தடித்ததே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1957-ல் சின்சினாட்டிக்காரர்கள் வாக்குகளைக் கொட்டியதில் நேஷனல் லீகின் தொடக்க வரிசையில் அந்த ஊர் ரெட்ஸ் அணியினர் 7 பேர் வந்துவிட்டார்கள். வெளியாள் என்று பார்த்தால் ஸ்டான் மியூசியல் ஒருவர்தான். கமிஷனர் ஃபோர்டு ஃப்ரிக் கஸ் பெல்லையும் வாலி போஸ்டையும் நீக்கி வில்லி மேஸ், ஹாங்க் ஆரன் இருவரையும் சேர்த்தார். ரசிகர்களிடமிருந்து பறிக்கப்பட்ட வாக்குரிமை 1970-ல்தான் திரும்பி வந்தது. 2015-ல் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் ஒமர் இன்ஃபான்டே, பேட்டிங் படுமோசமாக இருந்தும், இரண்டாம் பேஸுக்கான வாக்கில் முன்னிலையில் இருந்தார். 6 கோடிக்கும் அதிகமான வாக்குகளை லீக் ரத்து செய்தது; கடைசியில் அந்த இடம் ஹோசே அல்டூவேக்குக் கிடைத்தது.

இப்போது வாக்கெடுப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. லீகில் அதிக வாக்கு பெற்றவர் நேரே உள்ளே போகிறார். மற்ற இடங்களுக்கு முன்னணியில் உள்ளவர்கள் மட்டும் இரண்டாம் கட்டத்துக்குப் போகிறார்கள், அங்கே கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஒரே ஊர் அலையடித்து எல்லா இடத்தையும் அள்ளுவது இதனால் கடினமாகிவிட்டது.

பிட்சர் தேர்வுக்கு இப்படிப்பட்ட தடுப்பு எதுவும் இல்லை. 2025-ல் மில்வாக்கியின் ஜேக்கப் மிசியோரவ்ஸ்கி மாற்று ஆளாகச் சேர்க்கப்பட்டபோது மேஜர் லீகில் அவர் முதல் பிட்சராகத் தொடங்கியிருந்த ஆட்டங்கள் வெறும் 5, வீசியது 25⅔ இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் பொறுப்பில் சராசரியாகக் கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது) 2.81. பிலடெல்பியா வீரர்கள் வெளிப்படையாகவே முணுமுணுத்தார்கள். அவர்களுடைய கிறிஸ்டோபர் சாஞ்செஸ், ரேஞ்சர் சுவாரஸ் இருவருமே பட்டியலில் இல்லை. மிசியோரவ்ஸ்கி பையனின் வேகத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை, பந்து மணிக்கு 100 மைலைத் தாண்டுகிறது. ஆனால் 25 இன்னிங்ஸை வைத்து ஒரு பிட்சரை எடைபோட முடியாது. அந்த 2.81 என்பது 8 ரன். அடுத்த ஒரே இன்னிங்ஸில் 4 ரன் கொடுத்தால் ஈ.ஆர்.ஏ. 4.05-க்குத் தாவிவிடும். 108 இன்னிங்ஸில் 30 ரன் கொடுத்து 2.50-ல் நிற்கும் ஒருவர் அதே மோசமான இன்னிங்ஸை வீசினாலும் 2.81-க்குத்தான் வருவார். அதாவது, ஒருவர் அடி வாங்கிய பிறகும் மற்றவர் அடி வாங்குவதற்கு முன்பு நின்ற இடத்தில்தான் நிற்கிறார்.

இந்த மாற்று ஆட்கள் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறார்கள்? ஆல்-ஸ்டார் ஆட்டம் செவ்வாய்க்கிழமை. முந்தைய ஞாயிறு தன் அணிக்காக ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் விலகிக்கொள்ளலாம், ஆல்-ஸ்டார் பட்டம் மட்டும் அவரோடு இருக்கும். காயம்பட்டவர்களுக்கும் அப்படியே. அவர்களுக்குப் பதில் வருபவர்களுக்கும் அதே பட்டம். கௌரவத்தையும் அன்றைக்குப் பந்து வீச ஆள் தேடுவதையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்புவதால் வரும் வினை இது.

அணிக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்ற விதியையும் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அந்த விதி பிடிக்கும். நிறைவேற்றும் விதம்தான் பிடிக்கவில்லை. பலவீனமான அணியின் ஆளைக் கடைசியில் தேடினால் கிடைப்பது 2003-ல் பிட்ஸ்பர்க்கின் மைக் வில்லியம்ஸ் (ஈ.ஆர்.ஏ. 6-க்கு மேல்), 2006-ல் கான்சஸ் சிட்டியின் மார்க் ரெட்மன் (5-க்கு மேல்) போன்றவர்கள்தான். மாறாக, 2025-ல் மயாமியின் ஒரே பிரதிநிதியாக வந்த கைல் ஸ்டோவர்ஸ் நன்றாக அடித்துக்கொண்டிருந்தவர். ஜூன் மாதத்தின் சிறந்த வீரர் விருதை வாங்கிய ஹுவான் சோட்டோ அந்த வருடம் வெளியே நின்றதற்கு ஸ்டோவர்ஸைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. நேஷனல் லீக் அவுட்ஃபீல்டில் (மைதானத்தின் வெளிப்பகுதியைக் காக்கும் இடங்களில்) அவ்வளவு நெரிசல்.

மூத்தவர்களுக்குத் தரும் சிறப்பு இடத்தையும் விட்டுவிடலாம். 2022-ல் ஆல்பர்ட் பூஹோல்ஸ், மிகேல் கப்ரேரா இருவரும் 32 பேருக்கு மேல் கூடுதலாகத்தான் வந்தார்கள். அதனால் யார் இடமும் பறிபோகவில்லை.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. விலகுபவருக்குப் பதில் ஆள் எடுக்கும்போது வீரர்களின் வாக்கு வரிசைப்படியே இறங்கி வரட்டும். அந்த வரிசையையும் வெளியிடட்டும். ஸ்டார்ட்டருக்கு (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சருக்கு) குறைந்தது 60 இன்னிங்ஸ் என்று வைக்கலாம். 2024-ல் 11 ஆட்டங்களோடு வந்த பால் ஸ்கீன்ஸ் 66⅓ இன்னிங்ஸ் வீசியிருந்தார், எனவே இந்தக் கோடு புதுமுகங்களை அடைத்துவிடாது. வரிசையில் ஆளே கிடைக்காமல் போனால், அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் என்று குறித்து யாரையும் அழைக்கட்டும். பட்டம் சேராது. ரிலீவருக்கு (இடையில் வந்து வீசும் பிட்சருக்கு) 30 இன்னிங்ஸ் போதும், ஆனால் சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்ததற்கான கணக்கு) எண்ணிக்கையைத் தகுதியாக எடுக்கக் கூடாது. ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று ரன் முன்னிலையைக் காப்பாற்றினாலும் சேவ் கிடைக்கிறது. ஏழாவது இன்னிங்ஸில் பேஸ் மூன்றிலும் எதிரணியினர் நிற்கும்போது வந்து ஆட்டத்தை மீட்பவருக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு பேஸ்பால் வாசகர்