கிராங்க் புல்லி போல்ட் முறிந்தது தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வாகன உதிரிப்பாக விற்பனை, தலைமை அலுவலகம்,
கொழும்பு.

பிரதி: கிளை முகாமையாளர், வவுனியா.

ஐயா / அம்மணி,

விடயம்: ரைமிங் பெல்ட் செற்றுடன் விற்கப்பட்ட தரமற்ற போல்ட்டும், உங்கள் கிளை பொறுப்பேற்க மறுத்ததும்

உங்கள் வவுனியாக் கிளையில் 18,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ரைமிங் பெல்ட் செற்றில் இருந்த கிராங்க் புல்லி போல்ட் (என்ஜினின் கிராங்க் தண்டு முனையில் புல்லியைப் பிடித்திருக்கும் போல்ட்), இறுக்கும்போதே இழுபட்டு, திருப்பிக் கழற்றும்போது கிராங்குக்குள்ளேயே முறிந்துவிட்டது. கிளைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "வீட்டில பூட்டினதுக்கு நாங்கள் பொறுப்பில்லை அண்ணை" என்றார்கள். நேரில் போய் முறிந்த துண்டைக் காட்டியபோதும் அதே பதில்தான். துண்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. கிளையோடு கதைத்துப் பயனில்லை என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

வாகனம் டொயோட்டா ஹையேஸ், எல்எச்113, இங்கே எல்லோரும் டொல்பின் என்று சொல்லும் வான். 3எல் டீசல் என்ஜின், 2,779 சிசி. காலையும் மாலையும் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறேன். மற்ற நேரங்களில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகிறவர்கள், வற்றாப்பளைப் பொங்கல், மடு ஆவணித் திருவிழா என்று ஹயர் வரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வானின் விலையே எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இப்போது இறக்குமதி திறந்திருந்தாலும் அந்த வரியோடு புதிய வான் எடுக்க எங்களைப் போன்றவர்களுக்கு வழியில்லை. ஆகவே இருப்பதைக் கவனமாகப் பார்த்து ஓடுகிறோம்.

மீற்றர் பலகையில் ரைமிங் பெல்ட் விளக்கு எரிந்ததும் வேலையைத் தொடங்கினேன். அந்த விளக்கு பெல்ட்டின் நிலையைப் பார்த்து எரிவதில்லை. 1,00,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது என்று எண்ணிச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் அதை அசட்டை செய்ய ஏலாது. இந்த என்ஜினில் ஒரே பெல்ட்தான் வால்வுகளைத் திறக்கும் காம் ஷாப்டையும் டீசல் பம்பையும் சேர்த்துச் சுற்றுகிறது. ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிபடும். அதற்குப் பிறகு செய்வது திருத்தவேலை இல்லை, என்ஜின் தலையையே இறக்க வேண்டும்.

வேலையை வீட்டில் செய்ததற்குக் காரணம் கேட்டார் உங்கள் ஆள். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பெல்ட் தவணை கடந்த வானை மாங்குளத்துக்கும் அங்கிருந்து ஏ9 வழியாக வவுனியாவுக்கும் ஓட்டிக்கொண்டு போவதே ஆபத்து. கட்டி இழுப்பித்தால் அந்தக் கூலிக்கு இன்னொரு செற் வாங்கலாம். தவிர, வன்னியில் வாகனத்தை வீட்டு முற்றத்தில் கழற்றிப் பூட்டுவது இன்றைக்கு நேற்றைக்கு வந்த பழக்கம் இல்லை. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்த ஊர் இது. பாகம் வராத காலத்தில் லேத்தில் கடைந்து போட்டவர்கள் இன்னும் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் பட்டறை வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் நின்று பழகியவன் நான். உங்கள் கவுண்டரில் செற்றை வாங்கும்போது "யார் பூட்டப் போகிறீர்கள்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. "ஒறிஜினல்தான் அண்ணை, பயப்பிடாமல் கொண்டுபோங்கோ" என்றுதான் சொன்னார்கள். காசை வாங்கும்போது கேட்காத கேள்வியை, பொருள் பிழைத்த பிறகு கேட்பது என்ன நியாயம்?

செய்த வேலையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், பிறகு அதில் ஓட்டை தேட வேண்டியதில்லை. றேடியேற்றர், விசிறி, வெளிப் பெல்ட்டுகள் எல்லாம் கழற்றினேன். மருமகன் ஐந்தாம் கியரைப் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, நீண்ட கைபிடியில் பைப் போட்டுப் பழைய போல்ட்டை இளக்கினேன். புல்லியைச் சுத்தியலால் அடிக்கவில்லை, இழுவான் போட்டுத்தான் எடுத்தேன். கிராங்க், காம், டீசல் பம்ப் மூன்றின் அடையாளங்களையும் நேருக்கு வைத்த பிறகே பழைய பெல்ட்டைக் கழற்றினேன். செம்மண் புழுதி உள் மூடிவரை போயிருந்தது. இந்தப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் ஓடும் எந்த வானைத் திறந்தாலும் அதைப் பார்க்கலாம். துடைத்து, எண்ணெய் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்து, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் புதிய இழுவுருளையும் புதிய பெல்ட்டும் போட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முறை முழுச்சுற்றுச் சுற்றி அடையாளங்கள் திரும்ப வந்து நிற்கின்றனவா என்று சரிபார்த்தேன். நின்றன. பெல்ட்டிலும் உருளையிலும் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அதையும் எழுதிவிட வேண்டும். பிரச்சினை போல்ட்டில் மட்டும்தான்.

பழைய போல்ட்டையே திருப்பிப் போட்டிருக்கலாமே என்று கிளையில் ஒருவர் சொன்னார். அதன் தலையில் முன்னர் யாரோ உளி வைத்து அடித்திருக்கிறார்கள், மூலைகள் தேய்ந்து சொக்கெற் வழுக்குகிறது. அதைச் சொல்லித்தான் செற் கேட்டேன். போல்ட்டும் சேர்ந்தே வருகிறது என்று இந்தப் பெட்டியை எடுத்துத் தந்தது உங்கள் ஆட்கள்.

இறுக்கியது எப்படி என்பதுதான் முக்கியம். கட்டாரில் கராஜில் வேலைசெய்து வந்த என் பெரியப்பாவின் மகன் தன்னுடைய டோர்க் ரென்ச்சை, அதாவது வைத்த அளவுக்கு இறுகியதும் கிளிக் என்று காட்டும் சாவியை, கொண்டுவந்தார். என்ஜின் கைப்புத்தகத்தில் உள்ள அளவுக்கு அதை வைத்தோம். புரிகளைச் சுத்தம் செய்து, கையால் கடைசிவரை ஓட்டிப் பார்த்து, பிறகு இறுக்கினோம். நல்ல போல்ட் ஒரு கட்டத்துக்குப் பிறகு இறுகிக்கொண்டே போகும், கையில் அது தெரியும். இது அப்படி இல்லை. டோர்க் ரென்ச் இன்னும் கிளிக் ஆகவில்லை, ஆனால் போல்ட் மட்டும் சவ்வு மிட்டாயைப் போல இழுபட்டுக்கொண்டு சுற்றுகிறது. உடனே நிறுத்தினோம். வெளியில் எடுத்துப் பார்ப்போம் என்று மெதுவாகத் திருப்பியபோது தலையும் கொஞ்சப் புரியும் கையோடு வந்தன. மிச்சம் கிராங்கின் மூக்குக்குள்.

"கூட இறுக்கியிருப்பீர்கள்" என்பது கிளையின் அடுத்த பதில். சொன்ன அளவை எட்டினால் ரென்ச் கிளிக் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் அந்த அளவுக்குப் போகவே இல்லை என்பதுதான் அர்த்தம். முறிந்த துண்டைப் பார்த்தால் இன்னும் தெளிவு: முறிந்த இடத்துக்குக் கிட்ட இரும்பு மெலிந்து கழுத்து விழுந்திருக்கிறது, புரிகளின் இடைவெளி கூடியிருக்கிறது. மென்மையான இரும்பு இழுபட்டால்தான் அப்படி வரும்.

போல்ட் தலையில் அடையாளம் குத்துவது அழகுக்காக இல்லை. 8.8 என்று இருந்தால் அது 800 மெகாபாஸ்கல் இழுவை அழுத்தம் வரை அறாமல் தாங்க வேண்டும், அந்த அளவில் 80 வீதம் வரை நிரந்தரமாக நீளக் கூடாது. 10.9 என்றால் 1,000 மெகாபாஸ்கல், 90 வீதம். ஜப்பான் வாகனங்களில் வேறு இலக்கங்களும் கோடுகளும் இருக்கும், ஆனால் சேதி ஒன்றுதான். என் பழைய போல்ட்டின் தலையில் உளி பட்ட பிறகும் அடையாளம் தெரிகிறது. உங்கள் புதிய போல்ட்டின் தலை மொட்டை. ஒரு இலக்கம் இல்லை, ஒரு கோடு இல்லை, செய்தவரின் முத்திரை இல்லை. பெட்டியின் மேல் மட்டும் பெரிய ஜப்பானியப் பெயர் அச்சடித்திருக்கிறது. மஞ்சள் பூச்சும் நல்ல மினுக்கம். வெளியே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று.

இது ஒரு போல்ட் தானே என்று யாராவது நினைத்தால், அது என்ன வேலை செய்கிறது என்பதையும் சொல்கிறேன். புல்லியையும் உள்ளே இருக்கும் ரைமிங் பற்சக்கரத்தையும் கிராங்கோடு நெரித்துப் பிடித்திருப்பது அந்த ஒரே போல்ட்தான். பக்கத்துப் பள்ளத்தில் இருக்கும் கீ என்ற சின்ன இரும்புத் துண்டு, பற்சக்கரம் சரியான இடத்தில் உட்கார்வதற்கு. சுமையைத் தாங்குவதற்கு இல்லை. போல்ட் தளர்ந்தால் புல்லி ஆடத் தொடங்கும், கீ அரைபடும், கிராங்கில் உள்ள பள்ளம் அகலும். கிராங்க் பழுதானால் என்ஜினுக்குச் செலவழிப்பதைவிட வானை விற்றுவிடலாம். கீ வெட்டுப்பட்டால் ரைமிங் குழம்பும், அப்புறம் வால்வும் பிஸ்டனும்தான். என்னுடையது முற்றத்தில் முறிந்தது, அதுவரைக்கும் நல்லது. இதே போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால் அடித்து இறுக்கும் கராஜில் போட்டிருந்தால், இழுபட்ட நிலையிலேயே வெளியே போயிருக்கும். பின்னால் பிள்ளைகள் இருக்க, மாங்குளம் - முல்லைத்தீவு ஏ34 வீதியில் காட்டு நடுவில் நின்றிருக்கும்.

உள்ளே நின்ற துண்டை எடுக்கக் கிளிநொச்சியில் இருந்து லேத் பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்தார். முதலில் நட்டை வெல்டிங்கில் ஒட்டித் திருப்பிப் பார்த்தார், வரவில்லை. பிறகு நடுவில் குறிவைத்து, இடப்பக்கம் சுற்றும் துளைப்பானால் கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்து எடுத்தார். கிராங்கின் புரி தப்பியது அவருடைய கைராசி. அந்த வேலைக்கு 14,000 ரூபாய் கொடுத்தேன், பயணச் செலவு உட்பட. வேறொரு கடையில் சரியான அடையாளமுள்ள போல்ட் வாங்கிப் போட்டேன். அதே ரென்ச், அதே அளவு, அதே கைகள். கிளிக் என்று நின்றது. வான் இப்போது ஓடுகிறது. "நீங்கள் பூட்டிய விதம்தான் பிழை" என்பதற்கு இதைவிட வேறு பதில் என்னிடம் இல்லை.

வான் நின்ற நாட்களில் பிள்ளைகளுக்கு வேறு வாகனம் ஒழுங்கு செய்து அதற்கும் நானே காசு கொடுத்தேன். பெற்றோர் மாதக் கணக்கில் தந்துவிட்டார்கள், அவர்களிடம் போய் உங்கள் போல்ட்டின் கதையைச் சொல்ல முடியாது.

உங்கள் பற்றுச்சீட்டின் கீழே "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது" என்று இருப்பதையும் கிளையில் விரலால் காட்டினார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதைத் தடை செய்கிறது. ஒரு வரியை அச்சடித்து அதைக் கடந்துவிட முடியாது. நான் சட்டத்தரணி இல்லை, சண்டைக்கும் நிற்கவில்லை. நாங்களே பேசித் தீர்த்துக்கொள்வதுதான் இரண்டு பேருக்கும் செலவு குறைவு.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். செற்றின் விலை முழுவதையும் கேட்கவில்லை, பெல்ட்டும் உருளையும் பாவனையில் இருக்கின்றன. போல்ட்டுக்குரிய பங்கு, லேத் கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கு செய்த மாற்று வாகனத்தின் வாடகை ஆகியவற்றைத் தர வேண்டும். அதைவிட முக்கியமாக, அதே பெட்டி இன்னும் வவுனியாக் கிளையின் தட்டில் அடுக்கியிருக்கிறது, நான் கண்ணால் பார்த்தேன். அவற்றை எடுத்துத் திறந்து போல்ட்டைப் பாருங்கள். யார் யாருக்கு விற்றீர்கள் என்பது உங்கள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் இருக்கும், பலருடைய தொலைபேசி இலக்கமும் எழுதி வாங்குகிறீர்கள். அவர்களுக்கு ஒரு அழைப்பு எடுங்கள். எனக்குப் பணம் தருவதற்கு முன்னால் இதைச் செய்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் பள்ளிச் சேவையில் ஓடுகிற வான்களில் பல இந்த இனம்தான் என்பது உங்கள் விற்பனைக்காரர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பதிலை எழுத்தில், தமிழில் அனுப்புங்கள். இந்த மாத முடிவுக்குள் வராவிட்டால் இதே கடிதத்தின் பிரதியை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குக் கொடுப்பேன். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து எப்படி முறைப்பாடு செய்வது என்று ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறேன்.

பழைய போல்ட், முறிந்த போல்ட்டின் தலைப்பக்கம், துளைத்து எடுத்த மிச்சம், பெட்டி எல்லாம் என்னிடம் இருக்கின்றன. உங்கள் தொழில்நுட்ப ஆள் யாராவது வந்தால் மேசையில் வைத்துக் காட்டுகிறேன், வேர்னியர் அளவுகோல் கொண்டுவந்து அளந்தும் பார்க்கலாம். கிளைக்குக் கொடுத்தனுப்பச் சொல்லாதீர்கள், அதைக் கையைவிட்டுக் கொடுக்க மாட்டேன்.

இங்ஙனம்,
வான் உரிமையாளர்,
ஒட்டுசுட்டான்.

இணைப்பு: செற் வாங்கிய பற்றுச்சீட்டின் பிரதி, லேத் பட்டறைச் சிட்டை, மாற்று வாகனத்துக்குக் கொடுத்த வாடகைச் சிட்டை, இரண்டு போல்ட்டுகளையும் பக்கத்தில் வைத்து எடுத்த படங்கள்.