லாக்தோ மதகோடு நின்றுவிடாதீர்கள்: நைஜர், பெனுவே வெள்ள அறிவிப்பு பற்றித் திறந்த மடல்

நைஜீரிய நீரியல் சேவை முகமையின் பொறுப்பாளர்களுக்கும், நியாமேயில் இருக்கும் நைஜர் படுகை ஆணையத்துக்கும் வணக்கம்.

செப்டம்பர் பிறந்தால் நைஜீரியா முழுக்க ஒரே பேச்சு: கேமரூன்காரர்கள் பெனுவேயின் மேற்பகுதியில் இருக்கும் லாக்தோ அணையைத் திறந்துவிட்டார்கள். 2024 செப்டம்பரில் முகமை வெளியிட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். 17ஆம் தேதி வினாடிக்கு 100 கன மீட்டரில் தொடங்கி, ஏழு நாட்களில் 1,000 வரை கூட்டுவார்கள் என்றீர்கள். 1,000 கன மீட்டர் என்றால் சுமார் 35,300 கனஅடி. கேட்க மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 2012 செப்டம்பர் கடைசியில், நைஜரும் பெனுவேயும் கூடும் லொக்கோஜாவில் ஓடியது வினாடிக்கு 31,000 கன மீட்டருக்கு மேல். லாக்தோ 2024இல் விட்ட அந்த 1,000, இதில் முப்பதில் ஒன்றுகூடத் தேறாது.

மீதி, அணைக்குக் கீழே சேருவது. பெனுவேயில் கொங்கோலா, தராபா, டோங்கா, கட்சினா-ஆலா வந்து கலக்கின்றன. சில கேமரூன் மலைகளில் பிறந்தாலும் லாக்தோ மதகுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. நைஜர் பக்கம் கடூனா ஆறு சேர்கிறது. லாக்தோ நீரைத் தாங்க யோலா பக்கத்தில் கட்டுவதாக ஆண்டுதோறும் பேசப்படும் தாசின் ஹவுசா அணை நாளையே எழும்பினாலும், மேலே சொன்ன பெனுவேயின் நான்கு துணையாறுகளும் அதற்குக் கீழேதான் வந்து சேரும். கீழே பெனுவே கரையில் இருக்கும் மக்கூர்டியையும் லொக்கோஜாவையும் அந்த அணை காப்பாற்றிவிடும் என்று நம்பவைப்பது நியாயமல்ல.

கேமரூன் எல்லைக்குப் பக்கத்தில், பெனுவே கரையில் இருக்கும் யோலாவில் நிலைமை வேறு. அங்கே ஆறு இன்னும் சிறியது, அணையும் பக்கம். மதகைச் சட்டென்று தூக்கினால் நீர் அலையாக வந்து இறங்கும். கரையோர வயல்காரர் சோளத்தை அறுக்கக்கூட நேரமிருக்காது. எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் போலவே எவ்வளவு வேகமாகத் திறக்கிறார்கள் என்பதும் முக்கியம். 2024இல் படிப்படியாகக் கூட்டியது சரியான முறை. ஒவ்வொரு படியும் எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது யோலாவுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். வெள்ளம் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்ந்தால் நாளுக்கு 86 கிலோமீட்டர் போகும். இந்தக் கணக்கை ஊர்வாரியாகப் போட்டு, "இன்ன தேதியில் உங்கள் ஊர் அளவுகோலில் இத்தனை மீட்டர்" என்று சொன்னால்தான் அது எச்சரிக்கை. "தாழ்வான பகுதி மக்கள் விழிப்புடன் இருக்கவும்" என்ற வரியை வைத்துக்கொண்டு யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை.

இனி, நைஜீரியாவுக்குள் நைஜர் ஆற்றின் மேல் இருக்கும் கைஞ்சி. 1968இல் முடிந்த இந்த அணையின் கொள்ளளவு சுமார் 1,500 கோடி கன மீட்டர். லாக்தோவின் தொடக்கக் கொள்ளளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இங்கே நைஜரில் ஆண்டுக்கு இரண்டு வெள்ளம் வரும். பக்கத்து மழையில் பெருகி, வண்டலோடு கலங்கி ஆகஸ்ட், செப்டம்பரில் வருவது வெண்வெள்ளம். கினி மலைகளிலிருந்து புறப்பட்டு, மாலியின் உள்நாட்டுக் கழிமுகத்தில் பரவி, கணிசமான பகுதியை வெயிலுக்குக் கொடுத்து, வண்டலையும் அங்கேயே இறக்கிவிட்டு, மாதக்கணக்கில் தாமதித்து வருவது கருவெள்ளம். பிந்தியது வரும் என்ற தைரியம் இருந்தால், செப்டம்பரில் அணையை விளிம்புவரை நிரப்பாமல் இடம் விட்டுவைக்கலாம். பெனுவேயின் உச்சம் லொக்கோஜாவைக் கடக்கும்வரை அந்த இடத்தில் நைஜர் நீரைப் பிடித்துவைக்கலாம்.

மின் நிலையத்தார் இதற்குத் தயங்குவார்கள், காரணமும் உண்டு. 1970களின் வறட்சிக்குப் பிறகு கருவெள்ளம் முன்போல் நம்பத்தக்கதாக இல்லை; மேலே மாலியிலும் அணைகள் நீரைத் தேக்குகின்றன. காலி இடம் விட்டு, பின்னால் நீர் வராமல் போனால் கோடையில் மின்சாரம் குறையும். இந்தத் தயக்கத்தைத் தீர்க்க ஆணையத்தால்தான் முடியும். மாலியிலும் நியாமேயிலும் அளக்கும் நீர்மட்டம் அன்றாடம் கைஞ்சிக்கு வந்து சேர்ந்தால், கருவெள்ளம் எவ்வளவு வரும் என்பது பல வாரங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். கைஞ்சி, அதற்குக் கீழே நைஜரில் இருக்கும் ஜெப்பா, கடூனா ஆற்றின் ஷிரோரோ ஆகிய மூன்று அணைகளும் ஒரே அட்டவணையில் நீர் விட வேண்டும். இன்று ஒவ்வொன்றும் தன் தேக்கத்தை மட்டும் பார்த்து மதகைத் தூக்கினால், மூன்று உச்சமும் ஒரே வாரத்தில் கீழே வந்து விழலாம்.

அளவீட்டிலும் ஒரு சொல். பெனுவேயின் படுகை மணல். ஒவ்வொரு வெள்ளத்திலும் ஓரிடத்தில் அரிக்கும், இன்னோரிடத்தில் மேடிடும். அதனால் 10 மீட்டர் மட்டத்துக்குப் போன ஆண்டு இருந்த நீரோட்டம் இந்த ஆண்டும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எந்த மட்டத்தில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று காட்டும் மட்டம்–நீரோட்ட வரைகோட்டைப் பருவத்துக்கு ஒருமுறையாவது, அதுவும் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது படகில் போய் அளந்து திருத்த வேண்டும். வறண்ட மாதத்தில் எடுத்த அளவை மேல்நோக்கி நீட்டி வரைந்தால் பிழை உச்சத்தில்தான் பெரிதாகும். சரியான எண் தேவைப்படுவதும் அங்கேதான்.

2022இல் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சுமார் 14 லட்சம் பேர் வீடிழந்தார்கள். லொக்கோஜா–அபுஜா சாலை கோட்டோன் கார்ஃபே அருகே மூழ்கி, எரிபொருள் லாரிகள் வரிசையில் நின்றன, தலைநகரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. எந்த மட்டத்தில் அந்தச் சாலை மூழ்கும் என்பது அளந்தால் தெரியக்கூடிய எண். லொக்கோஜாவின் அடன்கோலோ, கடுமோ பகுதிகளுக்கும் அப்படியே. அவற்றை ஒரு தாளில் அச்சிட்டு ஊர்ச் சந்தைகளில் ஒட்டுங்கள். கழிமுகத்தில், நைஜர் ஆறு நூன், ஃபோர்காடோஸ் என இரண்டு கிளைகளாகப் பிரியும் இடத்துக்குக் கீழே, கடல் ஏற்றம் எதிர்த்து நிற்பதால் நீர் வாரக்கணக்கில் வடியாது. கழிமுக மாநிலமான பயெல்சாவுக்கான அறிவிப்பில் நீர் வரும் நாளோடு வடியும் நாளும் இருக்கட்டும். அரிசியும் குடிநீரும் எத்தனை நாளுக்குச் சேர்க்க வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

நைஜர் நாட்டில் கண்டாஜி அணை எழும்பிக்கொண்டிருக்கிறது. அது நிரம்பும் முதல் ஆண்டிலேயே கைஞ்சிக்கு வரும் கருவெள்ளத்தின் நேரமும் அளவும் மாறும். அதன் மதகு இயக்க விதிகளை, தேக்கத் தொடங்குவதற்கு முன்பே, கீழேயுள்ள நாட்டின் கையெழுத்தோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நைஜர், பெனுவே நீரோட்டத்தைக் கவனித்துவரும் நீரியல் பொறியாளர்கள்