மகனுக்கு, மாமாங்கத்து முழுக்கைப் பற்றி

பெரியகல்லாறு,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கு நலம். உங்கள் மூவரின் நலத்துக்கும் தான்தோன்றீஸ்வரரை வேண்டிக்கொள்கிறோம். பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்துவிட்டது, மற்ற விவரங்களை அம்மா தொலைபேசியில் சொல்வாள். சென்ற கிழமை பேத்தி பேசும்போது, அப்பா இப்போது பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார், கார் வாசலிலேயே நிற்கிறது என்று சொன்னாள்; உடனே மருமகள் தொலைபேசியை வாங்கி, இங்கே பனி அதிகம் மாமா என்றாள். பனிக்காலத்தில் காரை வாசலில் விட்டுவிட்டு ஒருவன் ஏன் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறான் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கப்போவதில்லை.

நான் கேள்விப்பட்ட, இல்லை, நன்றாகவே அறிந்த ஒரு விடயத்தை எழுதுகிறேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற பெயரில் குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் கூடும் கூட்டங்கள் ரொறன்ரோவில் கிழமைக்கு நூற்றுக்கணக்கில் நடக்கின்றன. அவர்களுடைய இணையத்தளத்தில் நாள், நேரம், இடம் எல்லாம் இருக்கும்; அதிலுள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்தாலும் சொல்வார்கள். முதலில் திறந்த கூட்டம் என்று குறித்திருப்பதற்குப் போகலாம், அங்கே யாரும் வந்து உட்காரலாம்; மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். முதற்பெயர் போதும், பேச விருப்பமில்லாவிட்டால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம், கட்டணம் இல்லை. சேர்வதற்கு வேண்டிய ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரும், இருவருமே குடியால் சீரழிந்தவர்கள், ஒருவரோடொருவர் மனந்திறந்து பேசியதிலிருந்து தொடங்கியது இது. பல கூட்டங்கள் தேவாலயங்களின் கீழ்த்தளத்தில் நடப்பதைக் கண்டு, இது நமக்கு ஒத்துவராத சமயம் என்று திரும்பிவிடாதே, இடம்தான் தேவாலயத்தினுடையது. கடவுளை அவரவர் புரிந்துகொண்ட விதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றே, குடியை விட அவர்கள் வகுத்த பன்னிரண்டு படிகளில் மூன்றாவது சொல்கிறது. ஒரு கூட்டம் பிடிக்காவிட்டால் வேறொன்றுக்குப் போ. ஒன்றுக்குப் போய்விட்டு, சரிவரவில்லை என்று விட்டுவிடாதே.

அதற்கு முன் ஒன்று. நாளாந்தம் குடித்தவர்கள் வைத்தியரிடம் சொல்லாமல் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கை நடுங்கலாம், வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். முதலில் வைத்தியரிடம் சொல்.

நம் பரம்பரையில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் நீ, என்ன நடந்தபோதும் புத்தகத்தை விடாதவன். உன்னை நினைத்து நான் பெருமைப்படாத நாள் இல்லை. ஆனாலும் தம்பியின் கலியாண வீட்டில் நீ நடந்துகொண்ட விதத்தை அன்று நான் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை. அதற்கு எனக்கு வாய் இருக்கவில்லை, மகனே.

2006ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக்குளத்தில் முழுகி எழுந்ததோடு குடியை விட்டேன் என்று நான் சொல்லாத இடம் இல்லை. வைராக்கியம் இருந்தால் ஒரு முழுக்கோடு விடலாம் என்று உன் சின்னமாமாவை அத்தனை பேர் முன்னிலையில் வைத்து நான் ஏசியது உனக்கு நினைவிருக்கும். ஈரல் கெட்டு அவர் படுத்தபோதும் அதையே சொன்னேன். அந்த முழுக்கு ஐப்பசி வரைதான் தாங்கியது. அதன் பிறகு பதின்மூன்று வருடங்கள் நெல்லு மில்லின் பின்புறம் வைத்துக் குடித்தேன். அம்மாவுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியவிடவில்லை. 2020 பங்குனியில் ஊரடங்கு வந்து சாராயத் தவறணைகள் பூட்டப்பட்ட மூன்றாம் நாள் எனக்கு வலிப்பு வந்தது. பிரஷர் என்று உனக்குச் சொல்லி, நீ அனுப்பிய பணத்தையும் வாங்கிக்கொண்டோம். வைத்தியசாலையில் ஒரு இளம் வைத்தியர்தான், தமிழ்நாட்டிலிருந்து தமிழிலேயே கைத்தொலைபேசியில் நடக்கும் கூட்டத்தைக் காட்டித் தந்தார். முதல் மூன்று கிழமை நான் வாய் திறக்கவில்லை. நாலாவது கிழமை பேசினேன். நான் முதலில் சொன்னது உன்னைப் பற்றித்தான்: போயா எனும் பௌர்ணமி நாட்களில் தவறணை பூட்டியிருக்கும் என்பதற்காக, பதினொரு வயதுப் பிள்ளையைப் பச்சைச் சைக்கிளில் சாராயம் வாங்க அந்த ஒழுங்கை வீட்டுக்கு அனுப்பியதையும், வழியில் போத்தல் உடைந்ததற்காக உன்னை அடித்ததையும். கேட்டவர்களில் ஒருவரும் என்னை வெறுக்கவில்லை. அவரவர் வீட்டிலும் ஒரு சைக்கிள் இருந்தது என்றார்கள்.

நான் ஒரு முழுக்கோடு விட்டவன் என்று நம்பித்தான் நீயும் தனியாகப் போராடிக்கொண்டிருக்கிறாயோ என்பதே இப்போது என்னை உறங்கவிடாத எண்ணம். என்னால் தனியாக விட முடியவில்லை. இன்றும் நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு அந்தக் கூட்டத்தில் உட்காருகிறேன், அம்மா முற்றத்தில் போய் இருந்துகொள்வாள். எங்கள் கூட்டத்தில் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்வது எங்கள் முறை இல்லை, ஆனால் முதல் நாள் உன்னுடன் கூட வரச் சம்மதம் என்று சொல்லியிருக்கிறார். மருமகளுக்கும், குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. அவள் என்னிடம் எதையும் சொல்லவில்லை, அவளைக் கோபிக்காதே.

முதலில் வைத்தியரிடம் சொல். பிறகு கூட்டம். இங்கே இரவு எட்டு மணி என்றால் இப்போது உங்களுக்குக் காலை ஒன்பதரை. அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் விறாந்தையில் இருப்பேன். பிள்ளையிடம் சொல்லி அனுப்பாமல், நீயே எடுத்துப் பேசு.

அன்புடன்,
அப்பா